கதையில இல்லாததைச் சொன்னா மார்க் கிடையாதாம்!

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ ஸ்கூல் புலம்பல்னு அப்பீட்டு ஆகிடாதீங்க மக்களே. ரெண்டு வாரமா ஆணி அதிகம், பொட்டி தட்டவே நேரம் பத்தல. ஆனா இதை இறக்கி வைக்கலைன்னா தூக்கம் வராது. பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்து வெச்சுக்கிட்டு உக்காருங்க.

ஓசூருக்குப் பக்கத்துல தொரப்பள்ளின்னு ஒரு கிராமம். எங்க ஏரியாவுக்கு வெளியில அந்தப் பேரைச் சொன்னா "எங்கப்பா இருக்கு அது?"ன்னுதான் கேப்பாங்க. ராஜாஜி பிறந்த ஊருன்னு சொன்னா மட்டும் "ஓ..."ன்னு ஒரு இழுவை வரும். 1878 டிசம்பர் 10ஆம் தேதி பிறந்தார். அப்பா அந்த ஊர் முன்சீப். பிறந்த வீட்டை அரசாங்கம் நினைவு இல்லமா வெச்சிருக்கு. முதல் படிப்பு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல, அப்புறம் ஓசூர் ஸ்கூல்ல, அதுக்கப்புறம் பெங்களூர் சென்ட்ரல் காலேஜ். 1894ல பட்டம். ஓசூர்ல இருந்து பெங்களூருக்கு ஓடுற பழக்கத்தை என்னை மாதிரி சாப்ட்வேர் பசங்க கண்டுபிடிக்கல, அது 130 வருஷப் பழசு!

அவரு கவர்னர் ஜெனரல் ஆனது, முதலமைச்சர் ஆனது எல்லாம் நம்ம பசங்க ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ணியிருப்பாங்க. நான் பேச வந்தது அது இல்ல. ஓசூர் பள்ளிக்கூடத்தோட அந்தப் பழைய மாணவர் பிற்காலத்துல உக்காந்து மகாபாரதத்தையும் ராமாயணத்தையும் தன் பாணியில திருப்பிச் சொன்னார். வியாசர் விருந்து, சக்கரவர்த்தித் திருமகன். ரெண்டாவது புத்தகத்துக்கு 1958ல சாகித்ய அகாடமி விருதும் கிடைச்சுது. அதாவது, நம்ம ஊர்ல படிச்ச ஒரு பையன் இதிகாசத்தை எடுத்துத் தன் வாயால சொல்லலாம், எதைச் சொல்றது எதை விடுறதுன்னு தானே முடிவு பண்ணலாம்னு காட்டிட்டுப் போன ஆளு.

அந்த ஊரைச் சுத்தி இருக்கற பள்ளிக்கூடங்கள்ல இன்னைக்கு ஒரு புள்ளை அதையே செஞ்சா என்ன ஆகுது? மார்க் கட்!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அத்திப்பள்ளி விபத்துக்கு அடுத்த வருஷம். ஓசூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல கதை சொல்லும் போட்டி. (பேரு வேணாம், அந்த ஒரு ஸ்கூல் பிரச்சினை இல்ல இது.) அக்கா பொண்ணுக்குத் துணையாப் போயிருந்தேன். தலைப்பு "இதிகாசக் கதைகள்", ஆளுக்கு அஞ்சு நிமிஷம். வந்த பசங்கள்ல முக்காவாசிப் பேர் அனுமார் மலையைத் தூக்கினதை ஒரே மாதிரி கை அசைச்சு, ஒரே மாதிரி குரல் ஏத்தி இறக்கி, ஒரே மாதிரி நீதி சொல்லி முடிச்சாங்க. யூட்யூப்ல இருந்து இறக்கினது. எங்க வீட்டு அம்மணியும் அதேதான், மறைக்க மாட்டேன்.

அப்புறம் ஒரு ஒன்பதாங்கிளாஸ் பொண்ணு வந்துச்சு. அரக்கு மாளிகை கதை. வீட்டுல தெலுங்கு பேசுற பொண்ணு போல, தமிழ்ல அந்த வாசனை அடிச்சுது. அது சொன்னது, என் ஞாபகத்துல இருக்கற வரைக்கும் இது:

"பாண்டவங்க சுரங்கம் வழியா தப்பிச்சுட்டாங்க. ஆனா காலையில பாத்தா அங்க ஒரு அம்மா, அஞ்சு புள்ளைங்க எரிஞ்சு கெடந்தாங்க. அதைப் பாத்துட்டுத்தான் குந்தியும் பாண்டவங்களும் செத்துட்டாங்கன்னு ஊரே நம்புச்சு. அப்ப எரிஞ்சு போனவங்க யாரு? அவங்க பேரு என்ன? யாருமே கேக்கல. சோறு போடறாங்கன்னு வந்தவங்க அவங்க. நம்ம அத்திப்பள்ளியில பட்டாசுக் கடை எரிஞ்சப்ப செத்தவங்க பேராவது பேப்பர்ல வந்துச்சு. அந்த அம்மாவுக்கு அது கூட இல்ல. அதனால நான் இன்னைக்கு அந்த அம்மாவாப் பேசப் போறேன்."

அதுக்கப்புறம் மூணு நிமிஷம் அந்த அம்மாவாவே பேசுச்சு. ஹால்ல ஒரு சத்தம் இல்ல.

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். 2023 அக்டோபர் 7ஆம் தேதி, தீபாவளிக்கு முன்னால, ஓசூரைத் தாண்டி கர்நாடக எல்லைக்குள்ள இருக்கற அத்திப்பள்ளியில பட்டாசுக் கடையும் குடோனும் எரிஞ்சு போச்சு. பதினாலு பேருக்குக் குறையாம செத்தாங்க. நிறையப் பேர் தமிழ்நாட்டுல இருந்து சீசன் வேலைக்குப் போன இளவட்டங்க, தர்மபுரி பக்கத்துக் கிராமத்துப் பசங்க, அதுல படிச்சுக்கிட்டு இருந்த பசங்களும் உண்டு. எங்க கம்பெனி பஸ் தினமும் அத்திப்பள்ளி வழியாத்தான் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகுது. அந்தத் தீயையும் அரக்கு மாளிகைத் தீயையும் ஒரு நாள் கூட நான் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தது இல்ல. அந்தப் பொண்ணு வெச்சுது.

பரிசு? அனுமாருக்கு. நடுவர் மைக்கைப் பிடிச்சு, "கதையில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது. மூலக் கதையை மாற்றிச் சொன்னால் மதிப்பெண் கிடையாது"ன்னு விளக்கம் வேற குடுத்தார். அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுட்டுப் போய் உக்காந்துருச்சு.

இங்கதான் எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. ஏன்னா அது கதையில இருக்குங்க! வியாச பாரதம் ஆதி பருவத்துல இருக்கு. குந்தி விருந்து வைக்கிறா. ஒரு நிஷாத வேடுவப் பெண் அஞ்சு மகன்களோட சாப்பாட்டுக்கு வர்றா. குடிச்சுட்டு, மயங்கி, அந்த வீட்டுக்குள்ளயே தூங்கிடறாங்க. அன்னைக்கு ராத்திரிதான் பீமன் தீ வைக்கிறான். இன்னும் கேளுங்க. இங்க ஆறு பேரை விட்டுட்டு, யாருக்கும் தெரியாம நாம தப்பிச்சுடலாம்னு யுதிஷ்டிரனே முன்னாடி யோசனை சொல்றதா மூலத்துல வருது. தர்மராஜா சொல்றது இது! கும்பகோணம் பதிப்பு மொழிபெயர்ப்பு இருக்கு, நம்பாதவங்க புரட்டிப் பாருங்க.

அந்தப் பொண்ணு மூலத்தை மாத்தல. மூலத்துல ஓரமாக் கிடந்த ஆளுக்கு வாயைக் குடுத்துச்சு. மூலத்தைக் காப்பாத்தறேன்னு உக்காந்திருந்தவருக்குத்தான் மூலம் தெரியல. அவரு காப்பாத்தினது அவரு சின்ன வயசுல படிச்ச முப்பது பக்கச் சுருக்கத்தை.

சரி, ஒரு பேச்சுக்கு அவர் வாதத்துக்கே வருவோம். மாத்தக் கூடாது. ஓக்கே. மாத்தாம சொன்னவர் யாருன்னு ஒரே ஒரு பேரைச் சொல்லுங்க பார்ப்போம்.

கம்பர்? வால்மீகியில ராவணன் சீதையைக் கையால பிடிச்சுத் தூக்கிட்டுப் போறான். கம்பர் அதை ஒத்துக்கல. குடிசையோட, தரையோட சேர்த்துப் பேர்த்து எடுத்துட்டுப் போகச் சொல்றார். வால்மீகியில இல்லாத இரணியன் கதைக்கு ஒரு முழுப் படலமே பாடி வெச்சார். மார்க் கட்!

எங்க ஊர் எல்லையைத் தாண்டிக் கன்னடத்துக்குப் போவோமா? 941ல பம்பன் எழுதின பாரதத்துல திரௌபதிக்குப் புருஷன் அஞ்சு பேர் இல்ல, அர்ஜுனன் ஒருத்தன்தான். அந்த மனுஷனைக் கன்னடக்காரங்க ஆதிகவின்னு கொண்டாடறாங்க. குவெம்பு எழுதின ராமாயண தரிசனத்துல சீதை தீக்குளிக்கறப்ப ராமனும் கூடவே தீக்குள்ள இறங்கறான். அந்தக் காவியத்துக்கு ஞானபீடம் குடுத்தாங்க. நம்ம நடுவர் உக்காந்திருந்தா ரெண்டு பேருக்கும் ஆறுதல் பரிசு கூடக் கிடைச்சிருக்காது.

புதுமைப்பித்தன் 1943ல சாப விமோசனம் எழுதினார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னது ராமன்னு தெரிஞ்சதும் அகலிகை மறுபடி கல்லாயிடறா. விமோசனம் குடுத்தவனே இப்படிப் பண்ணினா, அந்த விமோசனம் எதுக்குன்னு ஒரு சிறுகதையில கேட்டுட்டுப் போயிட்டார்.

இவங்க எல்லாம் பெரிய ஆளுங்க, ஸ்கூல் பசங்களும் இவங்களும் ஒண்ணான்னு கேப்பீங்க. சரி, படிக்காத ஆளுங்ககிட்ட வருவோம். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவுல பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரி கூத்து விடிய விடிய நடக்கும். கடைசியில மண்ணால பெரிய துரியோதனனைப் படுக்க வெச்சுப் படுகளம். கர்ண மோட்சம் கூத்து பார்த்திருக்கீங்களா? கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவின்னு ஒருத்தி வருவா. தேரோட்டி வீட்டுப் புள்ளைக்கு வாக்கப்பட்டுட்டேனேன்னு புருஷனை மதிக்கவே மாட்டா. கடைசியில, அவன் போருக்குப் போறப்ப, அவ மனசு உடையுற இடம் இருக்கே... பார்த்துட்டு வந்து சொல்லுங்க.

வியாசர்கிட்ட பொன்னுருவி கிடையாது. அவளைப் பண்ணினவங்க யாரு? சாதி பேரைச் சொல்லி நடு வாசல்ல நிறுத்தப்பட்டா எப்படி இருக்கும்னு தெரிஞ்ச யாரோ. அவமானம் அரண்மனைச் சபையில மட்டும் நடக்காது, வீட்டுக்குள்ள, படுக்கையறைக்குள்ளயும் வரும்னு புரிஞ்ச யாரோ. அந்தப் பேர் தெரியாத ஆளு சேர்த்ததைக் கூத்து வாத்தியார் தன் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தார். அந்தப் பசங்க வாத்தியாராகி அடுத்த செட்டுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. இன்னைக்கும் ஆடறாங்க. போன தலைமுறை மாணவன் சேர்த்த வரியை வெச்சுக்கிட்டு இந்தத் தலைமுறை மாணவன் ஆடறான். இதுதான் நான் சொல்ல வர்ற விஷயமே. மாத்திச் சொல்றதும், மாத்தினதைச் சேர்த்து வெச்சு அடுத்தவனுக்குக் குடுக்கறதும் சேர்ந்ததுதான் மரபு. நம்ம பள்ளிக்கூடம் ரெண்டையும் வெட்டி விட்டுட்டு, மிச்சத்துக்கு மரபுன்னு பேர் வெச்சிருக்கு.

இப்ப நம்ம தொரப்பள்ளிக்காரர். சக்கரவர்த்தித் திருமகன் கல்கியில தொடரா வந்தது 1954, 55ல. அவரும் நம்ம நடுவர் கிட்ட மாட்டியிருப்பார். வால்மீகி இப்படிச் சொல்றார், கம்பர் இப்படி மாத்தறார், எனக்கு இது பிடிச்சிருக்குன்னு வழியெல்லாம் ஒப்பிட்டுப் பேசிக்கிட்டே போறார். பட்டாபிஷேகத்தோட கதையை நிறுத்திடறார். சீதையைக் காட்டுக்கு அனுப்பற உத்தர காண்டத்தைத் தன் மனசு ஏத்துக்கலைன்னு வெளிப்படையாவே எழுதிட்டார். வைணவக் குடும்பத்துல பிறந்து, எழுபத்தஞ்சு வயசு தாண்டின மனுஷன், ராமாயணத்தைப் பார்த்து "இந்த இடம் எனக்கு ஒப்பல"ன்னு சொல்லிட்டு நகர்றார். ஒன்பதாங்கிளாஸ் பொண்ணு சொன்னா மட்டும் அது குத்தமா?

இருங்க இருங்க. பதிவுல ராஜாஜி பேரைப் பார்த்ததும் "குலக்கல்வி"ன்னு டைப் பண்ண ஆரம்பிச்சிருப்பீங்க, தெரியும். நானே சொல்லிடறேன். 1953ல அவர் முதலமைச்சரா இருந்தப்ப கொண்டு வந்த திட்டம். கிராமத்து ஆரம்பப் பள்ளிப் பசங்க பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். ஊரே கொதிச்சுது. 1954ல அவர் பதவியை விட்டார், காமராஜர் வந்து அந்தத் திட்டத்தைத் தூக்கிப் போட்டார். தூக்கிப் போட்டதுதான் சரி. அது நிலைச்சிருந்தா அந்தப் பொண்ணு மேடை ஏறியே இருக்காது, நானும் எங்க தாத்தா மாதிரி ஏர் ஓட்டிட்டு இருந்திருப்பேன்.

ஆனா வேடிக்கையைப் பாருங்க. பதவியை விட்ட அதே வருஷம்தான் ராமாயணத்தை ஆரம்பிக்கிறார். முடிக்கறப்ப ஒரு ஏக்கத்தோட எழுதறார். பெரிய பதவிகளை விட்டப்ப வராத வெறுமை, இந்தக் கதையைச் சொல்லி முடிச்சப்ப வந்துச்சாம். முதலமைச்சர் நாற்காலி தராத ஒண்ணைக் கதை சொல்றது தந்திருக்கு. அந்தச் சுகம் அப்பன் தொழில் பார்த்து ஒதுக்கப்பட வேண்டியது இல்ல. செங்கல் சூளைக்காரர் மகளுக்கும் சிப்காட்ல லேத் ஓட்டறவர் மகனுக்கும் சேர வேண்டியது. 1953ஆம் வருஷத்து முதலமைச்சர் எனக்கு வேணாம். ராமனையே கேள்வி கேட்ட அந்தக் கதைசொல்லி வேணும். ஒரே ஆள்கிட்ட இருந்து ஒண்ணை எடுத்துக்கிட்டு இன்னொண்ணைத் தள்ளறதும் ஒரு வகையில மறுவாசிப்புதானே?

இனி கடல் தாண்டி ஒரு சங்கதி. அமெரிக்காவுல ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துல "இந்திய இதிகாசங்கள்"னு ஒரு பாடம் பல வருஷம் இணையம் வழியா நடந்துச்சு. எண்ணெய்க் கிணறும் கோதுமை வயலும் இருக்கற ஊரு. என்ஜினியரிங், நர்சிங், கணக்கு படிக்கற பசங்க ராமாயணம், மகாபாரதம் படிப்பாங்க. அவங்க படிச்ச புத்தகங்கள்ல ஒண்ணு ஆர்.கே. நாராயண் 1972ல எழுதின ராமாயணம். அது எதை வெச்சு எழுதினதுன்னு தெரியுமா? நம்ம கம்பரை வெச்சு! ஆக, தேரழுந்தூர்க்காரர் கதை மைசூர் வழியா ஓக்லஹோமா போயிருச்சு, தொரப்பள்ளிக்கு மட்டும் வர மாட்டேங்குது.

அங்க தேர்வு எழுதி மனப்பாடத்தைக் கக்கற வேலை இல்ல. ஒவ்வொரு மாணவரும் அந்தக் கதைகளைத் தன் பாணியில திருப்பிச் சொல்லி ஒரு கதைத் தொகுப்பு பண்ணணும். எனக்குப் பிடிச்ச விஷயங்கள் ரெண்டு. ஒண்ணு, ஒவ்வொரு கதைக்குக் கீழயும் ஒரு குறிப்பு எழுதணும். மூலத்துல என்ன இருக்கு, நான் எதை மாத்தினேன், ஏன் மாத்தினேன். நம்ம தொழில்ல கோடு மாத்தினா கமிட் மெசேஜ் எழுதணுமே, அதே கதைதான். யார் எதை எதுக்கு மாத்தினாங்கன்னு ரெக்கார்டு இருக்கும், மூலம் அழியாது, மாத்தினதும் அழியாது. ரெண்டாவது, பழைய மாணவர்கள் பண்ணின தொகுப்புகளை அப்படியே திறந்து வெச்சிருந்தாங்க. புதுசா வர்ற பசங்க முதல் வேலையா அதைப் படிப்பாங்க. "ஓ, இப்படியெல்லாம் சொல்லலாமா?"ன்னு ஒரு தைரியம் வரும். வியாசரைப் பார்த்தா பயமா இருக்கும். போன வருஷம் இதே பெஞ்சுல உக்காந்திருந்தவன் எழுதினதைப் பார்த்தா, "இவனே எழுதிட்டான், நான் எழுத மாட்டேனா?"ன்னு தோணும். அந்த எண்ணத்துக்குப் பேருதான் உந்துதல். மேடையில தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூட்டி வந்து கைதட்ட வெச்சா வர்றது இல்ல.

இங்க என்ன நடக்குது? அந்தப் பொண்ணு சொன்ன கதை அன்னைக்கு மதியம் சோத்து நேரத்துக்கு முன்னாடியே செத்துருச்சு. யாரும் எழுதி வெக்கல. அடுத்த வருஷம் அதே மேடையில ஏற வேண்டிய புள்ளைக்கு அப்படி ஒரு கதை நடந்ததே தெரியாது. தெரிஞ்சதெல்லாம் ஒண்ணுதான். அனுமார் சொன்னா பரிசு கிடைக்கும். எவ்வளவு சுளுவாப் பசங்களைப் பழக்கிடறோம் பாருங்க!

எதிர்ப்பு வரும்னு தெரியும். ஒவ்வொண்ணா வர்றேன்.

முதல் கோஷ்டி: "புனித நூல்களை விளையாட்டுப் பொருளாக்காதே. மனசு புண்படும்." மைசூர்ல பிறந்த ஏ.கே. ராமானுஜன் எத்தனை ராமாயணங்கள் இருக்குன்னு எழுதின கட்டுரையை 2011ல டெல்லி பல்கலைக்கழகம் பாடத்திட்டத்துல இருந்து தூக்கினது இதே வாதத்துலதான். அண்ணே, ஆயிரக்கணக்கான வருஷமா ஆளாளுக்குச் சொல்லியும் அழியாத கதை, ஒன்பதாங்கிளாஸ் பொண்ணு அஞ்சு நிமிஷம் பேசி அழிஞ்சுடுமா? சொல்ல விடாதீங்க, அப்பதான் அழியும். கேள்வியே கேக்காம மனப்பாடம் பண்ணின புள்ளை பரீட்சை முடிஞ்சதும் மறந்துடும். அந்த நிஷாதப் பெண்ணாப் பேசின புள்ளை சாகற வரைக்கும் ஆதி பருவத்தை மறக்காது. பக்தின்னு பார்த்தாலும் இதுல எது லாபம்?

ரெண்டாவது கோஷ்டி, என் நண்பர்களே நிறையப் பேர் இதுல இருக்காங்க: "புராணக் குப்பையைப் பசங்க தலையில ஏன் ஏத்தணும்? அறிவியல் சொல்லிக் குடு." தோழர்களே, இதிகாசத்தைப் பெரியார் அளவுக்கு வரிவரியாப் படிச்சுக் கேள்வி கேட்டவங்க எத்தனை பேர்? எம்.ஆர். ராதா ராமாயணத்தைத் தன் பாணியில மேடை ஏத்தினார். நாடகங்களைக் கட்டுப்படுத்த 1954ல இங்க ஒரு சட்டமே வந்துச்சு. அதோட முக்கியப் பிரிவுகளை 2013லதான் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதுன்னு சொல்லுச்சு. ஒரே 1954ல ஒரு பக்கம் கல்கியில ராஜாஜி ராமாயணம், இன்னொரு பக்கம் மேடையில ராதா ராமாயணம்! ரெண்டு பேரும் ஒத்துப் போகவே மாட்டாங்க. ஆனா கதையை அவங்க அவங்க கையில எடுத்தாங்க. கதையைப் பசங்க கைக்கே குடுக்காம ஒளிச்சு வெச்சா, அது மொத்தமா முதல் கோஷ்டி கைக்குத்தான் போகும். அதைவிட, அந்தப் பொண்ணு தர்மராஜாவைக் கேட்ட கேள்வியை விடப் பகுத்தறிவான கேள்வி எது?

"வேற மதத்துப் பசங்களை என்ன பண்ணுவே?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. சீறாப்புராணம் இருக்கு, தேம்பாவணி இருக்கு, சிலப்பதிகாரம் இருக்கு, அவங்க பாட்டி சொன்ன கதை இருக்கு. எந்தக் கதைன்னு புள்ளை தேர்ந்தெடுக்கட்டும். சொந்தமாச் சொல்லணும், அது ஒண்ணுதான் நிபந்தனை.

மூணாவது, ஆசிரியர்கள்: "போர்ஷனே முடியல, இதுல இது வேறயா? அதுவும் பசங்க கண்டபடி எழுதுவாங்க." முதல் பாதிக்கு நான் தலை வணங்கறேன். எழுபது பேர் கிளாஸை வெச்சுக்கிட்டு அவங்க படற பாடு தெரியும். அதனால புதுப் பாடம் வேணாம். ஏற்கனவே நடக்கற கதைப் போட்டி, கட்டுரைப் போட்டி, ஆண்டு விழா இதுலயே பண்ணலாம். ரெண்டாவது பாதி, கண்டபடி எழுதுவாங்கதான். எழுதட்டுமே. பத்துல எட்டு மொக்கையாத்தான் வரும். நம்ம பதிவுகள் எல்லாம் காவியமா என்ன? ஹி ஹி. ஆனா மாத்தறதுக்கு முன்னாடி மூலம் தெரியணும். மனப்பாடம் பண்றவனுக்கு அது கூட வேணாம்.

நாலாவதா புதுசா ஒண்ணு சொல்றாங்க. "இப்ப சாட்ஜிபிடி அரை நிமிஷத்துல எழுதிக் குடுத்துடுமே?" குடுக்கும். தெரியும், என் சோறே அதோட மல்லுக்கட்டறதுலதான் வருது. "நிஷாதப் பெண்ணா இருந்து எழுது"ன்னா அழகா எழுதிடும். ஆனா அந்தப் பொண்ணுக்கு அத்திப்பள்ளித் தீ ஒரு செய்தி இல்ல, அடுத்த ஊர்ல நடந்தது. அதையும் அரக்கு மாளிகையையும் சேர்த்துப் பார்க்கணும்னு யாரும் அதுக்குச் சொல்லித் தரல. கேள்வி எங்க இருந்து வருதோ அங்கதான் சரக்கு. அதுக்குத்தான் மார்க் போடணும்.

சரி, குறை சொல்லியே பொழுதைப் போக்காம, என்ன பண்ணலாம்னும் சொல்லிடறேன். பெரிசா ஒண்ணும் இல்ல.

ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் ஒரு அலமாரி. அதுல வருஷத்துக்கு ஒரு நானூறு பக்க நோட்டு. அந்த வருஷம் பசங்க சொந்தமாச் சொன்ன கதைகளை அவங்க கையெழுத்துலயே எழுதி வெக்கணும். கதைக்குக் கீழ மூணு வரி: மூலத்துல என்ன, நான் மாத்தினது என்ன, ஏன். அடுத்த வருஷம் எழுதப் போற புள்ளை முதல்ல அந்த நோட்டுல மூணு கதை படிச்சுட்டுத்தான் பேனாவைத் தொடணும். பத்து வருஷத்துல பத்து நோட்டு. செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. ஆண்டு விழாவுக்குச் சீரியல் செட்டு போடற காசு கூட இல்ல.

தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் கலந்து புழங்கற எங்க ஊர்ல அந்த நோட்டு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. வில்லிபுத்தூரார், திக்கனா, குமாரவியாசர் மூணு பேரோட பாரதமும் பாட்டி வாய்வழியா வந்து ஒரே வகுப்புல உக்காந்திருக்கு. ஓசூர்ல ரோஜா பறிக்கற அம்மாவோட புள்ளை அசோகவனத்தை எப்படிச் சொல்லும்? ஷிப்ட் முடிச்சு விடியக்காலையில வர்ற அப்பாவைப் பார்க்கற புள்ளை, தூங்காம காவல் நின்ன லட்சுமணனை எப்படிச் சொல்லும்? எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு இருக்கு. அதைக் கேக்க விடாம பண்றவங்க மேலதான் எனக்குக் கோவம்.

வருஷா வருஷம் டிசம்பர் 10ஆம் தேதி தொரப்பள்ளிக்கு மாலையைத் தூக்கிக்கிட்டு வர்ற பெரியவங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலை மறுநாள் வாடிடும். அந்த வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற பள்ளிக்கூடத்துக்கு ஒரு அலமாரி வாங்கிக் குடுங்க. உத்தர காண்டம் எனக்கு ஒப்பலன்னு ஒரு பழைய மாணவர் எழுதி வெச்சது பத்திரமா இருக்கு. அரக்கு மாளிகை எனக்கு ஒப்பலன்னு ஒரு இப்போதைய மாணவி சொன்னதையும் பத்திரமா வெக்க இடம் வேணும்.

பி.கு: உங்க பாட்டியோ, உங்க ஊர் கூத்துக்காரரோ, உங்க கிளாஸ்மேட்டோ மாத்திச் சொன்ன இடம் ஒண்ணாவது உங்க ஞாபகத்துல இருக்கும். யாரு, எதை, எப்படி மாத்தினாங்கன்னு ஒரு பத்தி எழுதிப் போடுங்க மக்கா. பள்ளிக்கூடத்து அலமாரி வர்ற வரைக்கும் நாமளே அலமாரியா இருப்போம்.